சுவருக்குள் அறுந்த இழை

'நெட் வரவில்லை' என்பதை நான் ஒரு வாக்கியமாகவே ஒப்புக்கொள்வதில்லை. எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, பொருள் மட்டும் இல்லை. 'உடம்பு சரியில்லை' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்பவரை எந்த மருத்துவரும் அப்படியே விடமாட்டார். எங்கே வலி, எப்போதிலிருந்து, நடந்தால் வலிக்கிறதா, படுத்தால் வலிக்கிறதா என்று கேட்பார். இணையம் நின்றுபோன வீட்டில் இப்படிக் கேட்பாரும் இல்லை, கேட்டால் சொல்வாரும் இல்லை. சூலூரில் திருச்சி சாலையை ஒட்டி எழுந்திருக்கும் புதிய மனைப்பிரிவுகளிலும், தறிச்சத்தம் கேட்கும் பழைய தெருக்களிலும் ஒரே மாதிரி இந்த அரை வாக்கியம்தான் ஒலிக்கிறது. சொல்பவர் பெரும்பாலும் படித்தவர். பல வீடுகளில் பொறியியல் பட்டம் பெற்றவர்.

நான் இங்கே பேசுவது கைப்பேசிக் கோபுரத்தைப் பற்றியோ, வீட்டுக்குள் அலையும் வைஃபையைப் பற்றியோ அல்ல. கம்பியைப் பற்றி. நிறுவனத்தின் பெட்டி ஒரு முனையில், கணினி மறுமுனையில், இடையில் லேன் கேபிள் என்று எல்லோரும் அழைக்கும் ஒரு வடம். அதற்குள் எட்டுக் கம்பிகள். இதில் வரும் பழுது மாயமன்று, விதியுமன்று. இருக்கும் இடங்கள் எண்ணி ஏழெட்டு. வரிசையாகப் பார்த்தால் அரைமணி நேரத்தில் அது எங்கே இருக்கிறது என்று யாராலும் சொல்லிவிட முடியும். சரிசெய்ய ஆள் தேவைப்படலாம். இடத்தைச் சொல்ல ஆள் தேவையில்லை. அதைச் சொல்ல நாம் மறுக்கிறோம். இந்த மறுப்பினால் சிலருக்கு வியாபாரம் நடக்கிறது, பலருக்குச் சம்பளம் போகிறது.

வேறு ஊராக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். கொங்கு நாட்டில் இது நடக்கக் கூடாது.

கிணற்றுமேட்டில் மோட்டார் ஓடவில்லை என்றால் எங்கள் பக்கத்து விவசாயி முதலில் மோட்டாரைத் தொடமாட்டார். மும்முனை மின்சாரம் முழுதாக வருகிறதா என்று மூன்று விளக்குகளைப் பார்ப்பார். ஃபியூஸைப் பார்ப்பார். ஸ்டார்ட்டர் விழுந்திருந்தால் ஏன் விழுந்தது என்று யோசிப்பார். மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை என்றால் ஃபேஸ் மாறி எதிர்த்திசையில் சுற்றுகிறதா, நீர்மட்டம் இறங்கிவிட்டதா என்று பார்ப்பார். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரை மேலே தூக்குவது கடைசி வேலை. அதற்கு வண்டி வர வேண்டும், ஆட்கள் வர வேண்டும், ஆயிரக்கணக்கில் செலவாகும். இந்த வரிசையை அவருக்கு எந்தக் கல்லூரியும் கற்றுத்தரவில்லை. மலிவான சோதனை முதலில், விலையுயர்ந்த சோதனை கடைசியில் என்று அவரே கற்றுக்கொண்டார்.

தறிக்கு வாருங்கள். சூலூர், சோமனூர், பல்லடம் வட்டாரத்தில் விசைத்தறியைத் தெரியாதவர் உண்டா? ஒரு பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று அறுந்தாலும் துணியில் கோடு விழும். தறி ஓட்டுபவர் தறியை நிறுத்தி, அறுந்த இழை எது, அது எந்த விழுதில் கோக்கப்பட வேண்டும், அச்சில் எந்த இடைவெளியில் இழுக்கப்பட வேண்டும் என்று கண்ணாலும் விரலாலும் தேடி, முடிச்சிட்டு, மறுபடி ஓட்டுவார். 'துணி வரவில்லை' என்று முதலாளிக்குத் தொலைபேசி செய்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கமாட்டார். ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்கும் வீட்டில், எட்டு இழைகளில் அறுந்தது எது என்று பார்க்க ஆளில்லை என்றால் என்ன சொல்வது?

ஜி.டி. நாயுடு 1893-இல் பிறந்த கலங்கல் சூலூரை அடுத்த கிராமம்தான். அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படாத மேடை கோவையில் இல்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடமிருந்து ஒரு மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அதை முழுக்கப் பிரித்துப்போட்டுத் திரும்பப் பூட்டித் தெரிந்துகொண்ட மனிதர். 1937-இல் அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். பொறியியல் படிக்க நான்காண்டு எதற்கு, இரண்டே போதும் என்று வாதிட்டு, அரசு ஒப்பாதபோது கல்லூரி முதல்வர் பொறுப்பையே உதறினார். இன்று அவர் பிறந்த வட்டாரத்தைச் சுற்றி எத்தனையோ பொறியியல் கல்லூரிகள். நான்காண்டு முழுதாகப் படித்துவிட்டு வெளியே வரும் பிள்ளை, பெட்டியின் பின்புறம் பச்சை விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்க்கக் கூச்சப்படுகிறான். நாயுடு இதைப் பார்த்தால் இரண்டாண்டும் அதிகம் என்றிருப்பார்.

அந்தக் கம்பிக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதைச் சொல்லாமல் கோபப்படுவதில் நியாயமில்லை.

எட்டுக் கம்பிகளும் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு ஜோடிகளாக இருக்கின்றன: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. ஒவ்வொரு நிறக் கம்பிக்கும் வெள்ளையில் அதே நிறக் கோடு போட்ட ஒரு துணை. ஏன் முறுக்க வேண்டும்? வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் முறுக்கிய இரு கம்பிகள் மீதும் ஏறத்தாழ ஒரே அளவில் விழும். மறுமுனையில் இருக்கும் கருவி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதால், பொதுவாக விழுந்த இரைச்சல் கழிந்துபோகும். தொலைபேசிக் கம்பிகளுக்காக அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-இலேயே காப்புரிமை பெற்ற யோசனை இது. நூலை முறுக்கித் திரிக்கும் ஊருக்கு இது உடனே புரிய வேண்டும். முறுக்குப் போனால் பலம் போகும். ஆகவேதான் முனையில் பிளாஸ்டிக் கொண்டை மாட்டும்போது முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது என்று நியமம் இருக்கிறது. நம் ஊர் ஒயர்மேன்கள் விரல்நீளத்துக்குப் பிரித்துவிடுகிறார்கள். அவசரத்தில் அல்ல, அழகாக இருக்கிறது என்பதற்காக.

அடுத்தது முக்கியமானது. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு இந்த நான்கு ஜோடிகளில் இரண்டே போதும், ஆரஞ்சும் பச்சையும். 1000 மெகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். இது 1999-இல் வகுக்கப்பட்ட நியமம். ஆகவே நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி அறுந்தால் பல கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். விளக்கு எரியும், பக்கங்கள் திறக்கும், படம் ஓடும். 200 மெகாபிட்டுக்கோ 300 மெகாபிட்டுக்கோ மாதாமாதம் பணம் கட்டும் வீட்டில் வேகத்தை அளந்தால் 94, 95 என்று ஒட்டவைத்தது போல நிற்கும். எத்தனை முறை அளந்தாலும் அதே எண். நிறுவனம் ஏமாற்றுகிறது என்று நினைத்துச் சண்டைபோடுபவர்களை எனக்குத் தெரியும். நிறுவனம் ஏமாற்றலாம்தான்; ஆனால் அந்த ஏமாற்று ஏறி இறங்கும், இப்படி 94-இல் ஆணியடித்தாற்போல நிற்காது. கணினியின் அமைப்புகளில் இணைப்பு வேகம் 100/100 என்று இருக்கிறதா, 1000/1000 என்று இருக்கிறதா என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் சந்தேகம் தீரும். (சில மலிவுப் பெட்டிகளின் துளையே 100-க்கானது. அப்படியானால் குற்றம் கம்பியில் இல்லை, பெட்டி கொடுத்தவரிடம்.)

நம் அடுக்ககங்களில் இந்த அறுபடல் பல நேரம் தற்செயலாக நிகழ்வதுகூட இல்லை, திட்டமிட்டே செய்யப்படுகிறது. ஒரே வடத்தில் நான்கு கம்பிகளை இணையத்துக்கும், நீல ஜோடியை இன்டர்காமுக்கும் கொடுத்து ஒரு வடத்தின் விலையை மிச்சப்படுத்தியிருப்பார்கள். வீடு வாங்குபவருக்கு அதை யாரும் சொல்வதில்லை. சுவருக்குள் இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள்!

எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. தந்தை தறியில் வேலைபார்த்தவர். மகள் வீட்டிலிருந்தபடியே இரவுநேர மருத்துவக் குறியீட்டு வேலை செய்கிறார். மருத்துவமனைக் குறிப்புகளைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்களை இடும் வேலை. கோவையில் ஏராளமான பெண்களுக்கு இந்த வேலை சோறு போடுகிறது. வைஃபை கூடாது, கம்பிவழி இணைப்புதான் வேண்டும் என்பது அவருடைய நிறுவனத்தின் நிபந்தனை. இணைப்பு விட்டுவிட்டு அறுந்தது. ஓர் இரவில் நாலு முறை, மறு இரவு ஒன்றுமில்லை, அதற்கு மறுநாள் பத்து முறை. வேலை செய்யாத நேரம் கணக்கில் ஏறி, சம்பளத்தில் பிடித்தம் வந்தது. இணைய நிறுவனத்திலிருந்து ஆள் வந்தார். தம் கைப்பேசியை வைஃபையில் இணைத்துக் காட்டி, "ஃபோன்ல வருது பாருங்க மேடம். எங்க பக்கம் எல்லாம் சரியாத்தானுங்க இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். கம்பியில் வந்த புகாருக்கு வைஃபையில் சோதனை! இதை அந்த வீட்டில் யாரும் மறுத்துக் கேட்கவில்லை. அடுத்த வாரம் வேறு ஆள் வந்து பெட்டியை மாற்றினார். அதற்கடுத்த வாரம் மறுபடியும் பெட்டி. பிறகு கணினியையே மாற்றச் சொல்லி அறிவுரை. இப்படி மூன்று வாரம்.

கண்டுபிடித்தவர் தெருமுனையில் மோட்டார் காயில் கட்டும் கடைக்காரர். இணையத்தைப் பற்றி அவருக்குப் பெரிதாகத் தெரியாது. "பொட்டிய விடுங்க. கம்பி முழுசா இருக்குதான்னு யாராச்சும் பாத்தாங்களாங்க?" என்று கேட்டார். காயில் கட்டுபவருக்கு அதுதான் முதல் கேள்வி, எப்போதும். இரு முனைகளையும் கழற்றி, ஒரு முனையில் ஜோடியைச் சேர்த்துவைத்து, மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்தார். ஆரஞ்சு ஜோடியில் அளவு நிலைகொள்ளாமல் ஆடியது. சுவர்ப் பெட்டிக்குள் வடத்தை மடித்துத் திணித்திருந்த இடத்தில் கம்பி முறிந்து, தொட்டும் தொடாமலும் இருந்தது. நுனியைக் கத்தியால் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. "செம்பு இல்லீங்க, அலுமினியம்" என்றார்.

இந்த அலுமினியத்தைப் பற்றித் தனியாகவே ஒரு வசைப்பாட்டு எழுதலாம். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியை லேன் கேபிள் என்று விற்கிறார்கள். பெட்டியின் ஓரத்தில் 'சிசிஏ' என்று மூன்றெழுத்து இருந்தால் உண்டு, அதுவும் இல்லாத பெட்டிகள் உண்டு. அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பில் சுமார் 61 விழுக்காடு. 100 மீட்டர் நீளக் கம்பி ஒன்றின் மின்தடை 9.38 ஓமைத் தாண்டக் கூடாது என்பது நியமம். இந்தப் பூச்சுக் கம்பி அதை எளிதாகத் தாண்டிவிடும். வளைத்தால் முறியும். கண்காணிப்புக் கேமராவுக்கு இதே வடத்தில் மின்சாரமும் அனுப்பினால் சூடாகும். வடக்கணினி நியமங்கள் எதுவும் இதை ஏற்பதில்லை. ஆனால் விலை குறைவு. வீடு கட்டுபவர் ஒரு பெட்டிக்குச் சில ஆயிரம் மிச்சம் பிடிக்கிறார். தரையில் இத்தாலியப் பளிங்கு போட்டேன் என்று விளம்பரம் செய்பவர், சுவருக்குள் பூசிய கம்பியைப் போட்டேன் என்று விளம்பரம் செய்வதில்லை. நகைக்கடையில் முலாம் பூசியதைத் தங்கம் என்று விற்றால் கோவைக்காரர் விடுவாரா? கல்லில் உரசிப் பார்க்காமல் வாங்குவாரா? கம்பியை உரசிப் பார்க்க ஒரு பேனாக்கத்தி போதும்.

'பெட்டியை அணைத்து அணைத்துப் போடுங்கள்' என்னும் மந்திரத்துக்கு வருகிறேன். வாடிக்கையாளர் சேவை என்னும் பெயரில் தொலைபேசியில் வரும் முதல் அறிவுரையும் கடைசி அறிவுரையும் அதுதான். அதில் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். பெட்டியின் நினைவகம் குழம்பியிருந்தால் தெளியும். முகவரிகள் புதிதாக வழங்கப்படும். ஆனால் அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டால், என்ன கெட்டிருந்தது என்னும் தடயமும் அழிந்துவிடுகிறது. அணைப்பதற்கு முன் விளக்குகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ளச் சொல்லும் ஒரு நிறுவனத்தையும் நான் கண்டதில்லை. 2021-இல் தமிழக மின்துறை அமைச்சர், அணில்கள் கம்பிகள்மீது ஓடுவதாலும் மின்தடை வருகிறது என்று சொன்னபோது தமிழ்நாடே சிரித்தது. நானும் சிரித்தேன். இன்று யோசித்தால், அவராவது ஓர் இடத்தையும் ஒரு காரணத்தையும் சொன்னார் என்றே தோன்றுகிறது.

சரி, எந்த வரிசையில் பார்ப்பது? விவசாயியின் வரிசையில்தான். செலவில்லாதது முதலில்.

கண்ணாடி இழை வந்து சேரும் பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்ற எழுத்துக்கு அருகே சிவப்பு விளக்கு எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்று பொருள். அது நிறுவனத்தின் வேலை. அந்த மஞ்சள் இழையை நீங்கள் வளைக்கவும் வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம். சிவப்பு இல்லை என்றால் பழுது அநேகமாக உங்கள் வீட்டுக்குள்தான். கணினியில் கம்பி மாட்டும் துளையில் விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் கம்பி, இரு முனைத் துளைகள், இவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. நன்றாக இருப்பதாகத் தெரிந்த குட்டைக் கம்பி ஒன்றை எடுத்து, கணினியைப் பெட்டிக்கு அருகே கொண்டுபோய் நேராக மாட்டுங்கள். இப்போது வந்தால் சுவருக்குள் ஓடும் வடம் குற்றவாளி. வராவிட்டால் பெட்டியின் வேறு துளையில் மாட்டிப் பாருங்கள். சித்திரை வைகாசி இடிமழைக்கு மறுநாள் ஒரு துளை மட்டும் செத்துக் கிடப்பது எங்கள் பக்கம் சாதாரணம், அதிலும் வீட்டுக்கு வீடு மொட்டைமாடி வழியாகச் செம்புக் கம்பி இழுத்திருந்தால். இந்த ஒரு சோதனை, பாதையைப் பாதியாக வெட்டிப் பார்க்கும் சோதனை, மேலே சொன்ன பெண்ணின் வீட்டில் முதல் நாளே யாராவது செய்திருந்தால் மூன்று வாரச் சம்பளப் பிடித்தம் இல்லை.

விளக்கு எரிகிறது, ஆனாலும் ஒன்றும் வரவில்லை என்றால் கணினியின் முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், முகவரி கொடுக்க வேண்டிய பெட்டியிடமிருந்து பதில் வராமல் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். முகவரி ஒழுங்காக இருந்தால் முதலில் பெட்டியை 'பிங்' செய்யுங்கள்; அதன் எண் பெரும்பாலும் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். பதில் வந்தால் வெளியே 8.8.8.8-ஐக் கேளுங்கள். அதுவும் பதில் தந்து, தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை கெட்டிருக்கிறது. இப்போது நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். 'நெட் வரவில்லை' என்று சொல்லாமல், 'பெட்டி வரை பதில் வருகிறது, வெளியே போகவில்லை' என்று சொல்லுங்கள். மறுமுனையில் பேசுபவரின் குரல் மாறுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஏமாற்ற முடியாத ஆள் என்று தெரிந்துவிடுகிறது.

இரண்டு பழுதுகள் தனியே சொல்லத் தக்கவை. பழைய ரவுட்டரைத் தூக்கியெறிய மனமில்லாமல், துளைகள் போதவில்லை என்று புதியதோடு சேர்த்து மாட்டிவைப்பது நம் சிக்கனத்துக்கு இயல்பு. அதற்குள் இருக்கும் முகவரி வழங்கும் வசதியை அணைக்காவிட்டால், ஒரே வீட்டில் பட்டா கொடுக்க இரண்டு தாசில்தார்கள் உட்கார்ந்த கதை. யாரிடம் பட்டா வாங்கியது என்பதைப் பொறுத்து ஒரு கணினியில் வரும், ஒன்றில் வராது. மற்றது தோட்டத்துச் சாளைகளில். வீட்டிலிருந்து மோட்டார் அறைக்கோ மாட்டுக்கொட்டகைக் கேமராவுக்கோ 150 மீட்டர் கம்பியை வேலியோரமாக இழுத்துவிடுகிறார்கள். இந்த வடத்துக்கு 100 மீட்டர்தான் எல்லை. சில நாள் ஓடும், மழை நாளில் நிற்கும். மேலும் வீட்டுக்குள் போடுவதற்கான வடத்தின் மேலுறை நம் வெயிலில் வெடித்துவிடும். அத்தனை தூரத்துக்குக் கண்ணாடி இழைதான் சரி. அது இடியையும் வீட்டுக்குள் இழுத்து வராது.

டெஸ்டரை நம்பலாமா என்று கேட்பீர்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த எட்டு விளக்குக் கருவி அறுந்த கம்பியைக் காட்டிக்கொடுக்கும். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றைக் காட்டாது. ஒயர்மேன் நிற வரிசையைத் தம் விருப்பத்துக்கு, ஆரஞ்சு இரண்டும் பச்சை இரண்டும் நீலம் இரண்டும் என்று அடுத்தடுத்து வைத்து, இரு முனையிலும் அதையே செய்திருந்தால் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். இணைப்பு மட்டும் தடுமாறும். மூன்றாவது ஊசியும் ஆறாவது ஊசியும் ஒரே முறுக்கில் இருந்தாக வேண்டும். இங்கே அவை வெவ்வேறு முறுக்குகளுக்குப் போய்விடுகின்றன. சரியான வரிசை, நம் ஊரில் வழக்கத்தில் உள்ளபடி: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. கொண்டை கண்ணாடி போல இருப்பதால் வெளியிலிருந்தே படித்துவிடலாம். படிக்கத்தான் யாரும் குனிவதில்லை.

எதிர்வாதங்களை அறிவேன். 'இதெல்லாம் அதற்கென்று உள்ள ஆட்களின் வேலை, எல்லோரும் எல்லாம் கற்க முடியுமா?' என்கிறார் ஒரு நண்பர், நல்ல கவிதை வாசகர். முடியாதுதான். நான் கிரிம்பிங் செய்யச் சொல்லவில்லை. காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன். வேலைப் பிரிவினை என்னும் கௌரவமான சொல்லின் பின்னால் ஒளிந்திருப்பது கையால் செய்வதன் மீதான இளக்காரம். வந்து பார்க்கும் பையனும் அதே டிப்ளமோவோ பட்டமோ படித்தவன்தான்; ஒரு நாளில் இத்தனை வீடு முடிக்க வேண்டும் என்ற கணக்குக்கு ஓடுகிறான். அவனுக்கு நீங்கள் இடத்தைக் காட்டிக்கொடுத்தால் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் போவான். காட்டாவிட்டால் பெட்டியை மாற்றிவிட்டுப் போவான். மாற்றிய பெட்டி ஒரு வேலையாகக் கணக்கில் ஏறும், தேடிய நேரம் ஏறாது.

'எல்லாம் வைஃபை ஆன காலத்தில் கம்பி எதற்கு?' என்பது இன்னொன்று. அந்த வைஃபை பெட்டியிலிருந்து மேல்மாடிப் பெட்டிக்குப் போவது எதன் வழியாக? கண்காணிப்புக் கேமராவுக்கு? அந்தப் பெண்ணின் வேலைக்கு? 2020-இல் பள்ளிகள் வீட்டுக்குள் வந்தபோது, நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசும் வீட்டில் வைஃபை எப்படி மூச்சுத்திணறியது என்பதை இவ்வளவு விரைவாக மறந்திருக்க வேண்டாம்.

மூன்றாவது எதிர்வாதம் மொழி சார்ந்தது. அதுதான் என்னை அதிகம் சீண்டுகிறது. தமிழில் இதற்கெல்லாம் சொல் இல்லை என்பார்கள் ஒரு சாரார். மற்றொரு சாரார் உடனே சொல் செய்யக் கிளம்பிவிடுவார்கள். ரவுட்டருக்குத் 'திசைவி' என்று அகராதிகளில் இருக்கிறது. அழகான சொல், எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் சூலூரில் எந்த ஒயர்மேனிடம் அந்தச் சொல்லைச் சொன்னாலும் வாய்க்கால் மடையைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொள்வார். சொல் செய்தவர்கள், அந்தச் சொல்லை வைத்து 'இணைப்பு நின்றால் என்ன செய்வது' என்று எட்டுப் பக்கக் கைநூல் ஒன்றை எழுதி ஒவ்வொரு பெட்டியோடும் கொடுக்கும்படி ஒரு நிறுவனத்தையாவது கேட்டார்களா? பெட்டிக்குள் வரும் துண்டுத்தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது, சில நேரம் சீன மொழியிலும். கோவையின் பம்புசெட்டுகளோடு தமிழில் அச்சிட்ட தாள்களை நான் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன், பழுதும் காரணமும் இரு பத்திகளாக. அந்தத் தாளை எழுதியவர் எந்தக் கலைச்சொல் குழுவிலும் இருந்திருக்கமாட்டார். ஸ்டார்ட்டரை ஸ்டார்ட்டர் என்றே எழுதினார். விவசாயிக்குப் புரிந்தது.

அந்தப் பெண்ணின் வீட்டில் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சுவருக்குள் இருந்த வடத்தை உருவிப் புதியதை இழுக்க முடியவில்லை. குழாய் இல்லாமல் நேரடியாகப் பூசிவிட்டிருந்தார்கள். வெளியே பிளாஸ்டிக் பட்டை ஒட்டி, முழுச்செம்பு வடம் 18 மீட்டர் இழுத்தார்கள். செலவு ஆயிரத்தைத் தாண்டவில்லை. பிடித்த சம்பளம் திரும்பி வரவில்லை. புகாரின்மீது 'வாடிக்கையாளர் பக்கப் பழுது' என்று குறித்து நிறுவனம் கணக்கை முடித்துக்கொண்டது. அதுவும் உண்மைதான், ஆனால் அதை மூன்று வாரம் கழித்துச் சொன்னது.

சூலூரைச் சுற்றி இப்போதும் மனைகள் விற்கின்றன, வீடுகள் எழுகின்றன. வீடு கட்டும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் எல்லாம் மேஸ்திரியிடம் சொல்ல வேண்டியவைதான். லேன் கேபிளுக்கென்று தனிக் குழாய் போடச் சொல்லுங்கள். 230 வோல்ட் மின்கம்பியோடு ஒரே குழாயில் தள்ளுவதை அனுமதிக்காதீர்கள். ஒவ்வொரு குழாயிலும் ஒரு நைலான் கயிற்றை விட்டுவைக்கச் சொல்லுங்கள், பத்தாண்டு கழித்துப் புதிய வடம் இழுக்க உதவும். வடத்தின் பெட்டியை நீங்களே பார்த்து, ஒரு நுனியைச் சுரண்டிய பிறகே உள்ளே போக விடுங்கள். இரு முனைகளிலும் எந்த அறைக்கு எது என்று எண் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். பூச்சு காய்ந்து, வெள்ளையடிப்பதற்கு முன், டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிவதைக் காட்டாத ஒயர்மேனுக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். கோபித்துக்கொள்வார். அடுத்த வீட்டுக்கு அவரே டெஸ்டரோடு வருவார்.